ஒன்றுமே நடக்காத விளையாட்டு

அன்புள்ள செழியா,

நீ விமானம் ஏற இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. கூடத்தில் உன் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. உன் அப்பா அதில் ஊறுகாய் பாட்டிலை வைக்கிறார், நீ எடுத்து வெளியே வைக்கிறாய், நீ அந்தப்பக்கம் போனதும் அவர் திரும்ப வைக்கிறார். நேரில் பேசலாம் என்று உட்கார்ந்தால் நீ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் சரிம்மாவை நான் ஒருபோதும் நம்பியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே. போய்ச் சேர்ந்த பிறகு, உன் எலோடி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயிருக்கும் ஒரு பகலில், தனியாக உட்கார்ந்து படி.

உன் அம்மா ஒரு சந்தேகப் பிராணி என்று நீ பள்ளிக்கூட நாட்களிலிருந்தே சொல்லி வருகிறாய். மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருஷம் நான் பார்த்த வேலை எது என்பதையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும். வக்கீல் அலுவலகத்தில் பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்கிறவள் நான். பிறப்பு, இறப்பு, எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணம். நம் ஊரில் 'நேஷனாலிட்டி கல்யாணம்' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி என்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க மாட்டார்கள். மாலை வாடுவதற்கு முன்பே ஒருவன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, புது மனைவி பக்கத்தில் நிற்க, "விசா எப்ப மேடம் வரும்?" என்று கேட்டான். அந்தப் பெண் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு இங்கே தாலி கட்ட வந்தவனையும் பார்த்திருக்கிறேன். இத்தனையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள் யாரை நம்புவாள்? உன் அப்பா எல்லோரையும் நம்பிவிடுவார். ஒரு வீட்டில் இரண்டு பேருமே அப்படி இருந்தால் வீடு தாங்காது.

ஆகவே நீ அந்த விளையாட்டை ஆரம்பித்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது விளையாட்டைத்தான். மற்ற பிள்ளைகள் விளையாடும்போது சுடுவார்கள், கத்துவார்கள், மேசையைக் குத்துவார்கள். நீ வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாய். திரை முழுக்க இருட்டு, நடுவே ஒரு சின்னக் கப்பல், தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. காபி கொண்டு வந்து வைக்கும்போது அந்தப் புள்ளி எங்கே இருந்ததோ, டம்ளரை எடுக்க வரும்போதும் அங்கேயேதான் இருக்கும். இதற்குப் பின்னால் வேறு என்னவோ நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சத்தமில்லாமல் வந்து கதவுக்கு வெளியே நிற்பேன். நீ எதையும் மறைக்கவில்லை. மறைக்காதது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "எங்கடா போயிட்டிருக்க?"

"ஒரு நட்சத்திரத்துக்கும்மா."

"அங்க இன்னா இருக்கு?"

"தெரியாது. யாரும் போனதில்ல. போனாத்தான் தெரியும்."

"எப்ப போய்ச் சேருவ?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "தையிலன்னு நினைக்கிறேன்."

அப்போது ஆடி மாதம். நான் உன் அப்பாவிடம் போய், பையனை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டேன். "வெளிய சுத்தாம வீட்டுல இருக்கான், விடு" என்று அவர் பேப்பரைப் புரட்டினார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த மௌட்டே விவகாரம். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வரும்போது முகம் வாடியிருந்தது. கேட்டதற்கு, "மௌட்டே மாட்டிக்கிச்சும்மா" என்றாய். உன்னைப் போலவே அந்த இருட்டில் எங்கோ போய்க்கொண்டிருந்த இன்னொரு ஆளின் பெயர் அது என்று சொன்னாய். எழுத்தில் மட்டும் எப்போதாவது இரண்டு வரி பேசிக்கொள்வீர்களாம். அந்த ஆள் அவசரப்பட்டு, ஈர்ப்பு விசை அதிகமான ஒரு கிரகத்தில் வேகமாக இறங்கப் பார்த்து, கப்பல் கிட்டத்தட்ட உடைந்துவிட்டதாம். அசைந்தால் வெடித்துவிடும். வெடித்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து வர வேண்டும், மாதக்கணக்கில் சேர்த்த வரைபடமெல்லாம் போய்விடும். உன் கப்பலில் ஒட்டுப்போடும் சின்ன யந்திரங்கள் இருந்தன. ஆனால் நீயோ உன் நட்சத்திரத்தை நெருங்கிவிட்டிருந்தாய்.

"திரும்பிப் போறேம்மா" என்றாய்.

"எவ்ளோ தூரம்?"

"வந்ததுல பாதி."

யாரோ மௌட்டே. வடக்கத்திப் பையனாக இருக்கும் என்று நான் நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அவன் பாவம்மா" என்றுதான் சொன்னாய். நீ திரும்பினாய். தினமும் வேலை முடிந்ததும் உட்கார்ந்து, நட்சத்திரம் நட்சத்திரமாகத் தாவி, எரிபொருள் நிரப்பி, மறுபடி தாவி, வாரக்கணக்கில் வந்த வழியே போனாய். விழுப்புரத்தில் உன் மாமா மகன் கல்யாணத்துக்குக்கூட முகூர்த்தத்துக்கு மட்டும் தலையைக் காட்டிவிட்டு ஓடி வந்தாய். "யாருன்னே தெரியாதவனுக்கு இவ்ளோவா?" என்று கத்தினேன். "அவன் கப்பல ஆஃப் பண்ணிட்டு எனக்காக ஒக்காந்திருக்காம்மா. வரேன்னு சொல்லிட்டேன்" என்றாய். தையில் நீ போய்ச் சேர்ந்தது அந்த நட்சத்திரத்துக்கு இல்லை, மௌட்டேயிடம்.

அந்தப் பெயரை எழுத்தில் பார்த்திருந்தால் அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கும். அது முவெத், பிரெஞ்சில் கடற்காகம். பிரெஞ்சு தெரியாத நீ இங்கிலீஷ்காரன்போல எழுத்துக்கூட்டி மௌட்டே ஆக்கிவிட்டாய். பிறகு குரலில் பேச ஆரம்பித்தீர்கள். அவன் அவளானாள், பெயர் எலோடி என்றாள், தமிழ் பேசினாள், அவள் அப்பா இதே ஊரில் குருசுக்குப்பத்தில் இருந்தார். போன வருஷம் அவள் அப்பாவைப் பார்க்க வந்தபோது நீங்கள் இருவரும் கடற்கரையில் சந்தித்தீர்கள். இதையெல்லாம் நீ என்னிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசியில் மெல்ல, "அவ நேஷனாலிட்டி வெச்சிருக்காம்மா" என்றாய்.

செழியா, அந்த நிமிஷம் நான் எதை நினைத்தேன் தெரியுமா? திரும்பிப் போன அந்த வாரங்களை நினைக்கவில்லை. "அவன் பாவம்மா" என்று நீ சொன்னதை நினைக்கவில்லை. விசா எப்போது வரும் என்று கேட்டவனின் முகம்தான் வந்தது. அந்த முகத்தில் உன் மீசையை ஒட்டிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

அதே சமயத்தில் குருசுக்குப்பத்தில் இன்னொருவரும் இதையே யோசித்துக்கொண்டிருந்தார். உன் மாமனார் முசே ராசரத்தினம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஒரே மகள். ஒரு வியாழக்கிழமை நீ வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார்.

"மதாம், ஒண்ணு நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையனுக்கு எம் பொண்ணு வேணுமா, அவ பாஸ்போர்ட்டு வேணுமா?"

எந்தத் தாயாக இருந்தாலும் அவரை அப்படியே வாசலோடு அனுப்பியிருப்பாள். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "எனக்கும் தெரியல முசே" என்றேன். அவர் ஆச்சரியப்பட்டுப் போனார். பிறகு நாங்கள் இருவரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டோம். நீ ஏற்கெனவே அறிந்த அந்தப் பொய் அப்படித்தான் உருவானது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்து, "நீங்க ரெண்டு பேரும் வெளயாடறதைப் பாக்கணும் தம்பி" என்றார். நீ சந்தோஷமாக இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டாய். உனக்குச் சந்தேகமே வரவில்லை. அதில் நீ அப்பா பிள்ளை. ஸ்பீக்கரில் எலோடியின் குரல் வந்தது. இருவரும் ஒரு பெரிய கிரகத்தில் இறங்கிக்கொண்டிருந்தீர்கள். தரை கீழே மங்கலாகத் தெரிந்தது. வெகுநேரம் அப்படியே தெரிந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஒண்ணுமே நடக்கலியே தம்பி?" என்றார்.

"எறங்கிட்டிருக்கோம் அங்கிள்."

"கொஞ்சம் சீக்கிரம் எறங்கேன்."

"சீக்கிரம் எறங்குனா ஒடஞ்சிடும் அங்கிள். அவளைத்தான் கேளுங்களேன்."

ஸ்பீக்கரில் எலோடி சிரித்தாள். நீயும் அவளும் அதற்குள் எதை எதையோ பேசினீர்கள். அவளுடைய வார்டில் ஒரு கிழவர் கஞ்சி குடிக்க மறுத்தது, உன் அலுவலகத்தில் புதிதாக வந்தவன், இங்கே வெயில், அங்கே மழை. இடையிடையே பேச்சே இல்லை, இருவரும் இறங்கிக்கொண்டே இருந்தீர்கள். அந்த மௌனத்தில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். நானோ, இதில் எங்கே நடிப்பு இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எலோடி விடைபெற்றதும் முசே டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பேசி வைத்தபடியே சொன்னார். "தம்பி, எலோடி அங்க வேலைய விட்டுடறா. இங்கியே வந்துடப் போறா. இனிமே பிரான்சுன்னு ஒண்ணும் கெடையாது. அவளே உங்கிட்ட சொல்லணும்னு இருக்கா, நீயா கேட்டுக்காத."

நாங்கள் இருவரும் உன் முகத்தைப் பார்த்தோம். நீ சுவரைப் பார்த்தாய். நெடுநேரம் பார்த்தாய். பிறகு "சரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். வாசலில் அவர் என்னிடம், "பாத்தீங்களா மதாம்? மூஞ்சியே செத்துப்போச்சு" என்றார். நான் தலையாட்டினேன். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், நான் நினைத்தது சரியாகிவிட்டது என்று ஒரு திருப்தி உள்ளே இருந்தது. சந்தேகம் பலித்துவிட்டால் வரும் அந்தத் திருப்தியைப்போல அசிங்கமானது வேறொன்றும் இல்லை. உனக்கும் அது ஒருநாள் வரும். வரும்போது அடையாளம் தெரிந்துகொள்.

அடுத்த நாட்களில் நீ வண்டியை எடுத்துக்கொண்டு வேளைகெட்ட வேளையில் வெளியே போக ஆரம்பித்தாய். ஒருநாள் காலையில், ஒருநாள் உச்சி வெயிலில், ஒருநாள் சாயங்காலம். எங்கே என்றால் "சும்மாம்மா." வேறு வழியாகப் போக ஏதாவது ஏஜென்ட்டைப் பிடித்துவிட்டானா, வேறு நேஷனாலிட்டிப் பெண்ணைப் பார்க்கிறானா என்று என் புத்தி ஓடியது. ஒரு மத்தியானம் ஆட்டோ பிடித்து உன் பின்னாலேயே வந்தேன். கருவடிக்குப்பத்திலிருந்து உப்பளம் வரைக்கும் அந்த ஆட்டோக்காரர் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஸ்டேடியத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டின் முன் நீ வண்டியை நிறுத்தினாய். ஒரு பெண் சாவியோடு வந்து கதவைத் திறந்துவிட்டாள். நான் இஸ்திரி வண்டிக்குப் பின்னால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். நீ ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாய். வண்டி தெருமுனையைத் தாண்டியதும் நான் அந்தப் பெண்ணிடம் போனேன்.

"இப்ப போன பையன் யாரும்மா?"

"வாடகைக்கு வீடு கேக்கறாருக்கா. நல்ல புள்ளையாத்தான் தெரியுது. ஆனா கொஞ்சம் ஒரு மாதிரி."

"ஒரு மாதிரின்னா?"

"கட்டிக்கப்போற பொண்ணு குளிரு தேசத்துலேர்ந்து வராங்களாம். நம்மூரு வெயிலு தாங்காதாம். எந்த ரூம்ல எப்ப வெயிலு அடிக்குது, எப்ப காத்து வருதுன்னு பாக்கணுமாம். காலையில ஒருவாட்டி வராரு, மத்தியானம் ஒருவாட்டி வராரு. வந்து ஒவ்வொரு ரூமா தரையில சும்மா ஒக்காந்துட்டுப் போறாரு. எனக்கே சந்தேகமாயிடுச்சு, போலீசுல சொல்லலாமான்னு பாத்தேன். நீங்க யாருக்கா?"

அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முப்பது வருஷமாக நான் பார்த்ததெல்லாம் கையெழுத்துப் போடுகிற நிமிஷத்தை மட்டும்தான். எல்லோரும் அவசரத்தில் இருக்கும் நிமிஷம் அது, அங்கே ஆசை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு நேரமும் இருந்ததில்லை, பொறுமையும் இருந்ததில்லை. நீ ஒரு காலி அறையில் உட்கார்ந்து வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அந்த இருட்டுத் திரையின் முன்னால் நீ எதைப் பழகிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு அந்தப் படியில்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று காத்திருந்தேன். நீ கேட்ட முதல் கேள்வி, "அப்ப அவ இங்க வரலியா?" என்பது. அன்று உண்மையிலேயே செத்துப்போன உன் முகத்தை நான் பார்த்தேன். முன்னே பார்த்தது அது இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தது கணக்குப் போடுகிற முகம், ஒரு பெண்ணை எந்த வீட்டில் குடிவைப்பது என்று.

"ஏண்டா, ஒரு வார்த்த அவகிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

"சொல்லணும்னு இருக்கான்னு அங்கிள் சொன்னாரில்ல. அவ சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன். அதுவரைக்கும் எனக்கு வீடு பாக்கற வேலை இருந்துச்சு."

கோபம் வந்தது எலோடிக்குத்தான். அவள் போனில் என்னிடம் உடைந்த தமிழில் சொன்னாள்: "அத்தை, நீங்களும் பப்பாவும் என்னையும் நம்பல, அவரையும் நம்பல. எங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு பொய்ய வெச்சீங்க. நான் வேற மாதிரி பொண்ணா இருந்தா?" அவள் தன் அப்பாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ராணுவத்தில் இருந்த மனுஷன் நம் கூடத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளைச் சமாதானப்படுத்தச் சொல்லி நான் உன்னைக் கெஞ்சினேன். "அவசரப்படுத்துனா இன்னும் ஒடஞ்சிடும்மா" என்றாய். நீ செய்ததெல்லாம் இவ்வளவுதான்: ஞாயிற்றுக்கிழமை ஆனால் குருசுக்குப்பத்துக்குப் போய் அவரை வண்டியில் உட்காரவைத்து அழைத்து வந்து, கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு, "அங்கிளும் இருக்காரு" என்று ஸ்பீக்கரில் சொல்லிவிட்டு விளையாட ஆரம்பிப்பாய். அவள் பதில் சொல்ல மாட்டாள். நீயும் ஒன்றும் சொல்ல மாட்டாய். அவர் கைகட்டி உட்கார்ந்திருப்பார். இரண்டு கப்பல்கள் இருட்டில் போகும். நான் சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிறு போயிற்று, அடுத்ததும் போயிற்று, வெயில் போய் மழைக்காலமும் வந்துவிட்டது. ஒருநாள், எந்தக் காரணமும் இல்லாமல், எங்கேயோ நடுவழியில், அவள் குரல் வந்தது. "பப்பா, சாப்டீங்களா?" அவர் எழுந்து நின்றுவிட்டார், மேலதிகாரி கூப்பிட்டதுபோல.

அவள் நர்சுப் படிப்பில் மேற்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள், அது முடியும்வரை அங்கேதான் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே கடைசியில் நீதான் பிரான்சுக்குப் போகிறாய். உன் விசா காகிதங்களை நானே தட்டச்சு செய்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? அப்போது என் மனசின் ஒரு மூலை, 'பார்த்தாயா, எப்படியோ சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டான்' என்றது. அந்த மூலையை என்னால் பெருக்கித் தள்ள முடியவில்லை. அது என்னோடுதான் போகும். உனக்கும் அதில் கொஞ்சம் கொடுத்திருப்பேன், என் வயிற்றில் பிறந்தவன் தானே. அந்தக் குளிரில், அவள் வர நேரமாகும் ஒருநாள், போன் எடுக்காத ஒருநாள், யாரோடோ சிரித்துப் பேசும் ஒருநாள் அது தலை தூக்கும். தூக்கினால் பயப்படாதே. அதை உடனே கேள்வியாக்கி அவள்மேல் எறியவும் வேண்டாம், என்னைப்போல ஆட்டோ பிடிக்கவும் வேண்டாம். அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும், நீ அவளுக்குச் சோற்றை எடுத்து வை. அவளாகச் சொல்லுவாள். சொல்ல ஒன்றும் இல்லை என்றால், சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள்.

ஒன்றை மட்டும் நீ அறியாமல் போகக் கூடாது. பதிவு அலுவலகத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்று, நீயும் உன் அப்பாவும் சாப்பாட்டுக்கு வண்டி பார்க்கப் போனீர்கள். வேப்பமரத்தடியில் நானும் எலோடியும் தனியாக நின்றோம். அவள் புடவைத் தலைப்பை நான் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அத்தை, நீங்க என்னையும் சந்தேகப்பட்டீங்கதானே?"

"ஆமாம்மா."

"இப்ப?"

பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

அவள் சிரித்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவாயில்ல அத்தை. மெதுவா வாங்க."

உன் அம்மா